பழைய ஊர்களைக் காப்பவர்களுக்கு ஓர் அர்ச்சனை

பழைய ஊரைக் காப்பது லேசான காரியமல்ல. மழை, வெயில், கரையான், சுவரில் முளைக்கும் அரசங்கன்று, பங்காளிச் சண்டை என்று அதற்கு எத்தனையோ எதிரிகள். இவற்றையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். சமாளிக்கவே முடியாத எதிரி ஒருவன் உண்டு. அவன் அந்த ஊரிலேயே குடியிருப்பவன். சுவரில் ஆணி அடிப்பான். தூணுக்குத் தூண் கயிறு கட்டித் துணி காயப்போடுவான். கல் மண்டபத்துக்குள் அடுப்பு மூட்டிக் கூரையைக் கரியாக்குவான். அதே மண்டபத்தில் பிள்ளையும் பெற்று வளர்ப்பான். இந்த எதிரியைச் சரியாக அடையாளம் கண்டு, அவன் கையிலிருந்து ஊர்களை மீட்டுத் தந்த பெருமை உங்களையே சேரும். தொல்லியல் அதிகாரிகள், நகராட்சிகள், விடுதி முதலாளிகள், என்னைப் போல ஊர் பார்க்கக் கிளம்பும் பயணிகள் என்று எல்லோரும் கைகோத்துச் செய்த வேலை இது. தனித்தனியாக நின்றிருந்தால் நடந்திருக்காது.

ஹம்பியிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் உங்கள் வேலை நிறைவாக இருக்கிறது. விருபாட்சர் கோயில் கோபுரத்துக்கு எதிரே, பெரிய நந்தி வரைக்கும் முக்கால் கிலோமீட்டர் அளவில் நீள்கிறது தேர் ஓடும் வீதி. இரு பக்கமும் கல்தூண் மண்டபங்கள், சில இடங்களில் மேல்தளத்தோடு. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அந்தக் கோயிலுக்கு முன்னால் தாழ்வாரங்கள் வைத்த அழகான வீடுகளின் தெருவையும், அங்கே யாத்ரீகர்கள் தங்குவதையும் எழுதிவைத்துப் போனார். 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரம் சூறையாடப்பட்டது. கோயிலில் விளக்கு அணையவில்லை. விளக்கு எரியும் இடத்துக்கு ஜனம் திரும்பி வரும். அப்படித்தான் மண்டபங்களுக்குள் மறுபடி ஆட்கள் வந்தார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பி, நீலம் கலந்த சுண்ணாம்பு பூசி, முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இருந்தார்கள். தேங்காய் பழம் விற்றார்கள், வந்தவர்களுக்கு இட்லி அவித்தார்கள், மாடியில் பாய் போட்டு யாத்ரீகரைப் படுக்க வைத்தார்கள். பயஸ் கண்டு எழுதிய வேலையைத்தான் ஏறத்தாழ ஐந்நூறு வருடம் கழித்தும் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தத் தொடர்ச்சியை ஆக்கிரமிப்பு என்று கண்டுகொள்ள ஒரு தனிக் கண் வேண்டும். அது உங்களிடம் இருந்தது. சட்டமும் உங்கள் பக்கம். 1958-ம் வருடத்துத் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று கோடு கிழித்திருக்கின்றன. 2011 ஜூலைக் கடைசியில் இயந்திரங்கள் அந்த வீதிக்குள் வந்தன. 300-க்கு மேற்பட்ட குடும்பங்கள் போயின. சாமான்களைக் கட்டி எடுக்கக்கூட அவர்களுக்கு நேரம் போதவில்லை. மாற்று இடமாகக் கத்திராம்புரத்தில் மனை காட்டப்பட்டது. கோயிலும் இல்லாத, யாத்ரீகரும் வராத அந்த இடத்தில் தேங்காய் பழக் கடை போட்டால் யார் வாங்குவார்கள் என்ற சில்லறைக் கேள்வியில் நீங்கள் சிக்கிக்கொள்ளவில்லை. பெரிய காரியத்தில் இறங்கியவர்களுக்கு அந்த உறுதி வேண்டும்.

யுனெஸ்கோவையும் இந்த இடத்தில் வாழ்த்த வேண்டும். ஹம்பி 1986-ல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. ஆனேகுந்தி அருகே துங்கபத்திரையின் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கியதும், பழைய நிலப்பரப்பின் அழகு குலைகிறது என்று பதறி, 1999-ல் ஹம்பியை அபாயப் பட்டியலில் வைத்தார்கள். 2006 வரை அது அங்கேயே இருந்தது. ஒரு பாலம் கண்ணை உறுத்தினால் ஏழு வருடம் உறுத்துகிறது. முந்நூறு வீடு ஒரு வீதியை விட்டுப் போனபோது எந்தப் பட்டியலும் அசையவில்லை. எது கேடு, எது பராமரிப்பு என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்க்க எல்லோராலும் முடியாது.

இன்றைக்கு அந்த வீதியில் நின்று பாருங்கள். தூண்கள் தூண்களாகத் தெரிகின்றன. எந்தக் கோணத்திலிருந்து படம் எடுத்தாலும் குறுக்கே ஒரு மனிதர் வருவதில்லை. முன்பு நான் போனபோது ஒரு தூணில் கயிறு கட்டிப் பள்ளிக்கூடப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பாட்டி புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். எதிர்த்த மண்டபத்திலிருந்து யாரோ கூப்பிட, கையிலிருந்த கல்லைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். அந்தத் தெருவின் கடைசி வரைக்கும் அப்படிப் பேச்சு போய்வந்துகொண்டிருந்தது. அதெல்லாம் படத்தில் விழுந்து கெடுத்திருக்கும். சித்திரையை ஒட்டித் தேர் இழுக்கிறார்கள்; இழுப்பவர்கள் வெளியே இருந்து வந்து, இழுத்துவிட்டு, வெளியே போய்விடுகிறார்கள். தெரு எப்போதும்போலச் சுத்தமாக இருக்கிறது.

கர்நாடகத்தில் இயந்திரம் வைத்துச் செய்ததை, இயந்திரமே இல்லாமல் செய்து காட்டியது வெனிஸ். ஐரோப்பாவின் நாகரிகத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 1951-ல் அந்தத் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். யாரையும் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. வீட்டு வாடகை தள்ளியது. ரொட்டிக்கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை வந்தது, இறைச்சிக் கடை இருந்த இடத்தில் கண்ணாடி மணிக் கடை வந்தது. பள்ளிக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள். பாலத்தில் ஏறி இறங்கிக் காய்கறி தூக்கிவர முடியாத கிழவர்கள் கரையைத் தாண்டி மெஸ்த்ரேவுக்குக் குடிபோனார்கள். ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை 2008 முதல் தன் கண்ணாடி ஜன்னலில் மின்பலகை வைத்து, நகரில் மிச்சமிருப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டிவருகிறது. தொடங்கும்போது 60,000 சொச்சம். 2022 ஆகஸ்டில் 50,000-க்குக் கீழே இறங்கியது. மறு வருடம் சுற்றுலாக் கட்டில்களின் எண்ணிக்கை குடியிருப்போர் எண்ணிக்கையை முந்தியது. இப்போது ஒவ்வொரு வெனிஸ்காரருக்கும் ஒரு விருந்தாளிக் கட்டில் தயாராக இருக்கிறது. விருந்தோம்பலில் இந்த உயரத்தை வேறெந்த நகரம் தொட்டது?

ஆள்பவர்கள் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய சொகுசுக் கப்பல்கள் ஜுடெக்கா கால்வாய்க்குள் நுழைய இத்தாலிய அரசு தடை போட்டது. அது உண்மையிலேயே நல்ல காரியம். அதற்காகத் தெருவில் இறங்கி வருடக்கணக்கில் போராடிய உள்ளூர் ஜனங்களுக்கு என் வணக்கம் எந்த அடைமொழியும் இல்லாமல். அடுத்தது நகராட்சியின் வேலை: 2024 ஏப்ரல் 25 முதல் பகல் பயணிகளுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம். முதல் வருடம் 29 நாட்கள், அடுத்த வருடம் 54 நாட்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் பத்து யூரோ. கூட்டம் குறைந்ததா என்று கேட்பவர்கள் விஷயம் புரியாதவர்கள். சீட்டு வாங்கி உள்ளே போகும் இடம் எது என்று ஒவ்வொரு பயணிக்கும் இனி சந்தேகம் வராது. உள்ளூர்க்காரர் வீட்டுக்கு வரும் விருந்தாளியும் பதிவு செய்து விலக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அத்தை வீட்டுக்குப் போவதற்கு அனுமதிச் சீட்டு தரும் அளவுக்கு நிர்வாகம் நுணுக்கமாக இருக்கிறது.

சீட்டு விஷயத்தில் வெனிஸுக்கு வழிகாட்டியாக ஒரு சின்னக் குன்று இருக்கிறது. ரோமுக்கு வடக்கே சிவிதா டி பாஞ்ஞோரெஜோ. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஊர். அடியில் இருக்கும் களிமண் கரைந்து கரைந்து ஓரங்கள் சரிகின்றன. உள்ளே போக நீளமான நடைபாலம் ஒன்றுதான் வழி. இத்தாலியர்கள் அதைச் சாகும் ஊர் என்றே சொல்வார்கள். அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை இரு கை விரல்களில் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். 2013-ல் ஒன்றரை யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். பிறகு அது ஐந்து யூரோ வரை ஏறியது. அந்த வருமானத்தால் கீழே இருக்கும் பாஞ்ஞோரெஜோ மக்களுக்கு உள்ளூர் வரியே வேண்டியிருக்கவில்லை. கீழே இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மேலே? வருடத்துக்கு லட்சக்கணக்கில் வந்து போகிறார்கள், பத்துப் பேர் இருக்கிறார்கள். சாகும் ஊர் என்ற பெயர்தான் அதற்குச் சோறு போடுகிறது. சாகவும் விடாமல் வாழவும் விடாமல் ஓர் ஊரை இவ்வளவு காலம் அதே நிலையில் நிறுத்திவைக்கும் வித்தை மருத்துவர்களுக்குக்கூட முழுதாகக் கைவந்ததில்லை.

ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் சுமார் 750 பேர்தான் இருக்கிறார்கள். உச்ச காலத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வருவதுண்டு. ஏரிக்கும் மலைக்கும் நடுவே ஒரு முழம் நிலத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் உப்புச் சுரங்க ஊர் அது. இடுகாட்டுக்குக்கூட இடம் போதாததால், புதைத்துச் சில வருடம் கழித்து எலும்பை எடுத்துவிடுவார்கள். மண்டையோட்டை வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் பூவும் இலையும் பெயரும் தேதியும் எழுதித் தேவாலயத்துப் பக்கத்துச் சின்ன அறையில் அடுக்குவார்கள். அடுத்தவருக்கு மண்ணில் இடம் விட்டுக் கொடுக்கும் வழக்கம். கடைசியாக ஒரு பெண்மணியின் மண்டையோடு 1995-ல் அங்கே வந்து சேர்ந்தது. செத்தவர்களே இப்படி நகர்ந்து உட்கார்ந்த ஊருக்குள், சுயபடம் எடுக்க உயிரோடு இருப்பவர்கள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 2023 மே மாதம் அந்தப் புகழ்பெற்ற காட்சிமுனையில் ஊர்க்காரர்கள் மரத்தடுப்பு வைத்து ஏரியை மறைத்தார்கள். உலகமே முகம் சுளித்தது. சில நாளில் தடுப்பை எடுத்துவிட்டார்கள். ஓர் ஊரின் முகம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை இவ்வளவு சீக்கிரம் தீர்த்துவைத்த பயணிகளின் ஒற்றுமை பெரிது. அதற்குப் பல வருடம் முன்பே, 2012-ல், சீனத்தின் குவாங்தொங் மாகாணத்தில் தேவாலயம், சதுக்கம், ஏரிக்கரை என்று ஹால்ஷ்டாட்டின் நகலையே எழுப்பிவிட்டார்கள். அதில் பூ எழுதிய மண்டையோடுகளின் வம்சம் மட்டும் இல்லை. இல்லாததை யாரும் குறையாகச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தால், எஞ்சியிருக்கும் 750 பேருக்கும் தங்கள் இடம் விளங்கிவிடும்.

குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் நகரத்து மதிலுக்குள் குடியிருப்போர் இதே வழியில் கரைந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரப் பெட்டியை அந்தக் கல் தெருவில் உருட்டும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நகராட்சியே கெஞ்சும் நிலை, அவ்வளவுதான்.

ஜெய்சால்மருக்கு வருவோம். பாலைவனத்தின் நடுவே 1156-ல் ராவல் ஜெய்சல் எழுப்பிய மணற்கல் கோட்டை. உள்ளே இன்னும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள் என்பதே அதன் அதிசயம். கட்டியவர்கள் கணக்கு எளிமையானது. தண்ணீர் கீழே கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் வரும். குடத்தில் வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போக, சாக்கடைக்கு எவ்வளவு மிஞ்சும்? கையளவு. அந்தக் கையளவு நீருக்குத்தான் வடிகால். பிறகு குழாய் வந்தது. கோட்டைக்குள்ளே வீடுகள் தங்கும் விடுதிகளாயின. பயணிகளின் சுத்தத்தை இங்கே பாராட்டாமல் போனால் நான் நன்றி கெட்டவன். மணலில் ஒட்டகம் ஏறிவிட்டு வந்தால் ஒரு குளியல், படுக்கும் முன் ஒரு குளியல், போர்வை தினமும் துவைத்து மாற்றியாக வேண்டும். வடிகால் தாங்காமல் கசிந்த நீர் கோட்டைக்கு அடியில் இருக்கும் மென்மையான மண்ணுக்குள் இறங்கியது. அடித்தளம் ஊறியது. 1999-ஐ ஒட்டிக் கொத்தளங்கள் சில சரிந்து விழுந்தன. எட்டு நூற்றாண்டு முற்றுகைகளையும் மணற்புயலையும் தாங்கிய சுவரை வெறும் குளியல் தண்ணீரால் வீழ்த்த முடியும் என்று எந்தப் படைத்தலைவனுக்கும் தோன்றவில்லை. அந்தக் கோட்டையின் வரலாற்றில் வெளியே நின்று தாக்காமல், உள்ளேயே வாடகை கொடுத்துத் தங்கி வென்றவர்கள் நாம்தான். சூரிய அஸ்தமனம் பார்த்துக்கொண்டே வென்றோம்.

இதுவரை சொன்னதெல்லாம் அடுத்தவர் ஊர். நம்முடைய காரைக்குடியை விட்டால் வாழ்த்து முழுமையாகாது.

செட்டிநாட்டு வீட்டை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி அறை. பர்மாவில் கொடுத்து வாங்கல் நடத்திச் சம்பாதித்த பணம் பர்மா தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியக் கண்ணாடியாகவும் இந்த வறண்ட சீமைக்கு வந்தது. தரைக்கு வேண்டியதை ஆத்தங்குடிக்காரர்கள் உள்ளூர் மணலில் செய்து கொடுத்தார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் வந்துவிடும். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததிலிருந்து வரவு நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்கு. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று பேசி முடிப்பதற்குள் உத்திரம் இறங்கிவிடும். கடைசியில் எல்லோரும் ஒத்துப்போகும் ஒரே முடிவு, பிரித்து விற்பது.

வீட்டைப் பிரிக்கும் கலையில் நம் ஆட்களுக்கு இணை உலகில் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். நிலைக்கதவுகள் சுவரில் சாத்தி வரிசையாக நிற்கின்றன. நான் பார்த்த ஒரு நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி செதுக்கியிருந்தது. அவள் காலடியில் சாக்பீஸால் ஓர் எண் எழுதியிருந்தார்கள், விலையா வரிசை எண்ணா தெரியவில்லை. கீழ்க்கட்டையின் நடுப்பகுதி மட்டும் ஒரு விரல் தேய்ந்து பள்ளமாக இருந்தது. எத்தனை மருமகள்கள் வலது காலை எடுத்து வைத்த இடம் அது என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைக்காரர் அந்தத் தேய்மானத்தைக் காட்டித்தான் விலையை ஏற்றினார். பழசு என்பதற்கு அதுதானே ஆதாரம். பக்கத்தில் முறுக்கு உரல்கள், பல்லாங்குழிகள், சுவீடன் எனாமல் தூக்குகள், யாரோ ஒரு ஆச்சியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள்.

அங்கே அடுக்கியிருந்த தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் பூசி முகம் பார்க்கும்படி மினுக்கி வைத்திருந்தார்கள். வீட்டில் நின்ற காலத்தில் அவற்றுக்கு இந்தக் கவனிப்புக் கிடைத்ததில்லை. தாத்தாக்கள் முதுகு சாய்த்து அழுக்கேற்றினார்கள், பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடிப் பிசுபிசுப்பாக்கின. தொண்டைமானின் படைக்கொட்டிலுக்குத் தூது போன ஔவை, அங்கே மாலை சூட்டி நெய் பூசி வைத்திருந்த வேல்களுக்குச் சொன்ன பாராட்டு இருக்கிறதே, அதைக் கூட்டாமல் குறைக்காமல் இந்தத் தூண்களுக்கும் சொல்லலாம். வாங்குபவர்களும் ரசனை உள்ளவர்கள். கடற்கரைச் சொகுசு விடுதி ஒன்றின் வரவேற்பறையில் இப்படி நான்கு தூண்களைப் பார்த்தேன். எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. மேலே காங்கிரீட் தளம், கீழே பளபளக்கும் கல், நடுவில் சும்மா நின்றன. வீடு தாங்கிக் களைத்த தூண்களுக்கு அப்படி ஓய்வு கொடுக்கவும் ஒரு மனது வேண்டும். அந்த விடுதியின் அறிமுக ஏட்டில் செட்டிநாட்டு மரபைக் காப்பதாக எழுதியிருந்தது.

பிரிக்காமல் காத்தவர்களும் இருக்கிறார்கள். கானாடுகாத்தானில், பள்ளத்தூரில், ஆத்தங்குடியில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருடா வருடம் நாட்டு ஓடு மாற்றி, பொங்கலுக்கும் சாந்திக் கல்யாணத்துக்கும் பங்காளிகளை ஒரே வளவில் உட்காரவைக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு ஆச்சி ஒண்டியாக அத்தனை கதவையும் காலையில் திறந்து மாலையில் சாத்திக்கொண்டிருப்பார். அவர்களுக்கு உங்கள் துறையிலிருந்து ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் கடன் கிடைக்காது, சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைக்க மாட்டார், பங்குகளை ஒரு கையில் சேர்க்க வழி சொல்ல ஆள் இல்லை. ஆனால் கதவு திறந்திருப்பது தெரிந்தால் போதும், படம் எடுக்க நாம் போய்விடுவோம். ஆச்சியை நிலைக்கு அருகே கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுவோம்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்க்கூட்டத்தை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தாயிற்று. முடிவான பட்டியலில் ஏறும் நாளும் வரும், அதற்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். நிபுணர்கள் வந்து வீட்டையும் தூணையும் கதவையும் எண்ணுவார்கள். கணக்கில் குறைகிறதே என்று அப்போது யாரும் திகைக்க வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் கேட்டால் கிடைக்கும். எண்ணெய் பூசி, சாக்பீஸில் எண் போட்டு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது.